அரைப் பேர் விழுந்த காலங்கள்

2022-இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் கொழும்பு வரிசையில் நின்ற நாட்களில், "இந்த நாடு இப்படியொரு காலத்தைக் கண்டதே இல்லை" என்று தொலைக்காட்சியில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சொன்னவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டில் அப்படியொரு காலம் வந்திருக்காது. எங்கள் வீட்டில் வந்திருக்கிறது. என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், காலத்தில் வந்தது. அதற்கு முன் அவருடைய அப்பாவின் காலத்திலும் வந்தது. தேயிலை மலையை நம்பிப் பிழைத்த எந்தக் குடும்பத்தின் இஸ்தோப்புத் திண்ணையிலாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்து வயசானவர்களைப் பேசவிட்டால், ஒரு பஞ்சக் கதை வெளியே வந்துவிடும்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது அதே பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பொருளாதாரம் படித்ததில்லை. ஆனால் 1930களையும் 1970களையும் இப்போது நாங்கள் கடந்து வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாட்டுக்குக் கஷ்டம் வரும்போது தோட்டத்துக்குள் அது ஒரே ஒழுங்கில்தான் நுழைகிறது. முதலில் பேர் குறையும். பிறகு அடுப்பில் வேகிறது குறையும். அதற்கும் பிறகு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஆட்களே குறைவார்கள்.

தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், விழுவதுதான் பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுக்கவில்லை என்றால் அரைப் பேர்தான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய், "இன்னைக்கு வேல இல்ல" என்று கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டால் அதுவும் இல்லை. நாட்டின் அந்நியச் செலாவணி, உலகச் சந்தை, எண்ணெய் விலை எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்வது இந்தச் செக்ரோல் வழியாகத்தான்.

1929-இல் உலகமெங்கும் தொடங்கிய பெருமந்தம் இலங்கைக்கு வந்தபோது, இந்தத் தீவு விற்றுப் பிழைத்த தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றும் சேர்ந்தே விழுந்தன. இறப்பரின் நிலைமைதான் மிக மோசம். பால் வெட்டுகிற கூலிக்குக்கூட விலை கட்டாமல் பல தோட்டங்கள் வெட்டையே நிறுத்தின. அந்த நேரத்தில்தான் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு குறைந்தபட்சக் கூலி கிடைக்கத் தொடங்கியிருந்தது. 1927-இல் சட்டம் வந்து, 1929-இல் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் கூலி நிர்ணயித்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கூலியைக் கையில் வாங்கிப் பார்த்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே, 1930களின் தொடக்கத்தில், தோட்டங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்று அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

தேயிலை விலையைத் தூக்கி நிறுத்த 1933-இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அது மருந்து. மலையில் கொழுந்து எடுத்தவளுக்கோ, ஏற்றுமதி குறைந்தால் கொழுந்தும் குறைவு, கொழுந்து குறைந்தால் பேரும் குறைவு. அம்மாயியின் அப்பா அந்தக் காலத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாராம். அவருடைய தம்பிக்குப் பத்துச்சீட்டை, வேலையிலிருந்து நிறுத்துகிற சீட்டை, கையில் கொடுத்து, "ஊருக்குப் போ, வேல வந்தா கூப்புடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். தலைமன்னார் வழியாகக் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார் என்பது வரை தகவல் உண்டு. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. எங்கள் குடும்ப மரத்தில் அந்தக் கிளை அங்கேயே நிற்கிறது.

அன்றைக்கு இதை எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் இல்லை. கோ. நடேசய்யர் 1931-இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே குற்றம் என்றிருந்த காலம் அது. துரைமாரின் எதிர்ப்பும் வறுமையும் சேர்ந்து அந்தச் சங்கத்தை நீண்ட நாள் நிற்கவிடவில்லை. ஆனாலும் கூலிக் குறைப்பைக் கூலிக் குறைப்பு என்று மேடையில் நின்று பேர் சொல்லிச் சொன்னவர்கள் அவர்கள் இருவரும்.

1970களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் நான்கு மடங்காகியது. அரிசி, கோதுமை விலையும் ஏறியது. இறக்குமதி செய்யக் காசில்லாத அரசு கூப்பன் அரிசியைக் குறைத்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோவதற்குத் தடை விதித்துத் தெருவில் சோதனை போட்டார்கள். பாணுக்கு இரவிலேயே வரிசை. இது நாடு முழுவதற்கும் பொது. தோட்டத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்கள். தோட்டம் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலையில் உரம் போடுவதும் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவதும் நின்றது. வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள்தான் வேலை. கூப்பனில் கிடைக்கிற கொஞ்சத்தை வாங்கக்கூடக் கையில் காசில்லை.

அம்மாயி பித்தளைக் குடத்தின் கதையைச் சொல்லுவார். அது துறையூரிலிருந்து அவருடைய அம்மா கொண்டுவந்த குடம், கல்யாணச் சீர். அடியில் பேர் வெட்டியிருந்ததாம். 1974-இல் அதைப் படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஆற்றைத் தாண்டிக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு இறங்கினார். அந்த வழியில் அன்றைக்கு அண்டாவும் தாம்பாளமும் தோடும் சேலையும் கீழே போய்க்கொண்டிருந்தன. மரவள்ளிக் கிழங்கும் பிலாக்காயும் மேலே வந்துகொண்டிருந்தன. குடத்துக்கு ஒரு சாக்குக் கிழங்கு கிடைத்தது.

அந்தக் கிழங்கை அவர் சமைத்த விதத்தை நான் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். தோலை ஆழமாகச் சீவ வேண்டும். நடு நரம்பை இழுத்துவிட வேண்டும். வெட்டினால் நீலம் பாய்ந்திருந்தால் அந்தத் துண்டை, எவ்வளவு பசி என்றாலும், எறிந்துவிட வேண்டும். மூடாமல் வேக வைத்து முதல் தண்ணியை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணி வைக்க வேண்டும். இஞ்சி பக்கத்திலேயே வரக்கூடாது. "பசியில இருக்குறவனுக்கு இதுக்கெல்லாம் பொறும இருக்காது சாமி. அவிஞ்சும் அவியாததுமா தின்னுட்டு வாந்தி எடுத்துச் செத்த ஆளுங்கள நானே பாத்திருக்கேன்" என்றார். விடிய ஒரு தடவை சீனியில்லாத சாயத்தண்ணி. மலைக்குப் போகும்போது இரண்டு துண்டுக் கிழங்கு. இராவுக்குக் கீரைத் தண்ணி. கான் ஓரத்தில் முளைத்த எந்தக் கீரையையும் விடவில்லை என்றார்.

அந்தக் கிராமத்து மக்களைப் பற்றிப் பேசும்போது அம்மாயியின் குரலில் கசப்பு இருந்ததே கிடையாது. குடத்தை வாங்கிக்கொண்ட வீட்டுச் சிங்கள அம்மா, அடுத்த தடவை இவர் வெறுங்கையோடு போய் நின்றபோது ஒரு ஈரப்பலாக்காயைச் சும்மா கொடுத்து அனுப்பினாராம். அவர்களும் பஞ்சத்தில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒரு பிலா மரம், இரண்டு வரிசை மரவள்ளி. எங்களுக்கு லயத்து அறையான காம்பராவின் பின்சுவரோடு தேயிலை தொடங்கிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அதில் ஒரு இலையைக்கூடச் சாப்பிட முடியாது.

என் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த மாமா ஒருவர் அந்தக் காலத்தில்தான் போனார். இரண்டு வயது ஆகவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார் என்பது அம்மாயி சொன்னது. ஆஸ்பத்திரிக் கொப்பியில் வயிற்றோட்டம் என்று எழுதினார்களாம். அந்த வருடங்களில் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக உயரத்துக்குப் போனது. ஆய்வு செய்தவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குள் ஒருவராக என் மாமா இருக்கிறார். எனக்கு இது வெறும் புள்ளிவிவரமாக ஒருநாளும் படுவதில்லை.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். ஹட்டன், நாவலப்பிட்டி, கண்டி பஸ் நிலையங்களில் கையேந்தி நின்றவர்கள் கொழுந்து எடுத்த கைக்காரர்கள். கொஞ்சப் பேர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டப் போனார்கள். காணி கிடைக்கும் என்பதே அந்தப் பயணத்தின் ஒரே நம்பிக்கை. பெரும்பாலானோர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் பிரித்திருந்தார்கள். 1948-இல் குடியுரிமை பறிபோனதன் தொடர்ச்சி அது. யாரும் எங்களைக் கேட்டுப் பிரிக்கவில்லை. இருந்தாலும் பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்த பலரைப் பசிதான் கடைசியில் கப்பலேற்றியது. சின்னம்மா முறையான ஒருவரின் குடும்பம் இன்று கூடலூரில் இருக்கிறது. அவர்களும் அங்கே தேயிலைதான் பறிக்கிறார்கள்.

சீர்திருத்தத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுத்தபோது, நாடற்றவர்களாக இருந்த எங்களுக்கு அதில் பங்கில்லை. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தேயிலைக் காணியைப் பிரிப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். பஞ்சத்தில் அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகும், சொந்தமே இல்லாத அந்தக் காணியைத் தங்கள் பிழைப்பு என்று நினைத்து மறித்து நின்றார்கள் அந்த மக்கள்.

இப்போது 2021-க்கு வருகிறேன். இரசாயன உரத்தின் இறக்குமதியை அந்த வருடம் மே மாதத்தில் அரசு தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் தேயிலைச் செடிக்கு வர்த்தமானி தெரியாது. உரம் இல்லாத செடி மெல்ல மெல்லத்தான் வாடும், உரம் வந்தாலும் மெல்லத்தான் தேறும். 2021-இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

இதைத் தோட்டத்தில் வாசித்தால் இப்படி வரும். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. அதற்காக எத்தனை வருடப் போராட்டம்! சம்பளம் கூடியதும் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவையும் பல இடங்களில் கூட்டினார்கள். 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். உரமில்லாமல் மலையில் கொழுந்து இல்லை, புல் மட்டும் இடுப்பளவு. விடியற்காலையிலிருந்து அட்டைக் கடியோடு நின்றாலும் கூடையில் 12, 13 கிலோதான். ஆகவே அரைப் பேர். 1,000 ரூபாய் என்று பத்திரிகையில் எழுதியிருக்க, கையில் 500. அதே நேரத்தில் ரூபாயின் பெறுமதி ஏறக்குறையப் பாதியாகியது. 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. கோதுமை மாவு விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. எங்கள் ஆட்களுக்கு மாவு என்றால் காலை ரொட்டியும் பகல் ரொட்டியும், பல வீடுகளில் இராச் சாப்பாடும் அதுதான்.

கேஸ் வரிசை எங்களை அதிகம் தொடவில்லை. லயத்தில் பெரும்பாலும் விறகடுப்பு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, அந்த மிலாறு, இருக்கும் வரை எரியும். எங்களைத் தொட்டது வேறொன்று.

என் அம்மாவிடம் கடைக் கொப்பி ஒன்று இருக்கிறது. 80 தாள் கொப்பி, மூலை மடிந்து எண்ணெய் ஏறியது. மாதம் முழுக்கச் சாமான் வாங்கி எழுதிக்கொள்வது, சம்பளத்தன்று தீர்ப்பது. தோட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். 2021 ஜனவரிப் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்தில் இருப்பது: அரிசி 10 கிலோ, மாவு 5 கிலோ, பருப்பு 1 கிலோ, சீனி 2 கிலோ, நெத்தலி 250, தேங்காய் 4, அங்கர் பால்மா 1 பக்கெட். 2022 ஜூலைப் பக்கம்: மாவு 1 கிலோ, சீனி 100, கருவாடு 50, தேங்காய் பாதி, பனடோல் 1 கார்ட். அங்கர் அதற்கு முன்பே காணாமல் போய்விட்டது. பருப்பு இல்லை. நாட்கள் நகர நகர ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வாங்கியிருப்பதும் தெரிகிறது. காலையில் 250 கிராம் மாவு, பின்னேரம் இன்னொரு 250. ஒரு கிலோவாக வாங்கினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்ற பயம் என்று அம்மா சொன்னார். ஆகஸ்டில் கொப்பி வெறுமையாகிறது. "அக்கா, எனக்கே லொறிக்காரன் கைக்காசுக்குத்தான் சாமான் எறக்குறான். கோவிச்சுக்காதீங்க" என்று முதலாளி கைகூப்பினாராம். அவரையும் நான் குறை சொல்லவில்லை. அந்தச் சின்னக் கடையும் நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது.

பாடசாலையில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். எரிபொருள் இல்லாமல் 2022 நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. திறந்தபோது சில பிள்ளைகள் வரவில்லை. உயர்தர வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த ஒரு பையன் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்பதாகச் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கப் போய்விட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "சேர், இங்க இருந்தா ஒரு நேரந்தான். அங்க மூணு நேரமும் சோறு குடுக்குறாங்க" என்றார் அவளுடைய அம்மா. அதற்கு மறுபேச்சு என்னிடம் இருக்கவில்லை. பரீட்சை பற்றியும் எதிர்காலம் பற்றியும் சொல்ல நினைத்துப் போன எல்லாம் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்கவில்லை.

2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்கள். நல்ல யோசனைதான். நுவரெலியா மாவட்டத்தில் மரக்கறிக்கு வஞ்சனை இல்லாத மண் இருக்கிறது. கரட்டும் லீக்ஸும் கோவாவும் இங்கிருந்துதான் கொழும்புக்குப் போகின்றன. ஆனால் லயத்தில் இருக்கிறவர் எங்கே பயிர் செய்வார்? காம்பராவுக்கும் கானுக்கும் இடையில் நான்கடி இருந்தால் அதிர்ஷ்டம். கொஞ்சம் தள்ளி, பாவிக்காமல் கிடந்த மேட்டில் எங்கள் லயத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். கொடி ஏறத் தொடங்கிய நேரத்தில், அது தேயிலைக் காணி, அனுமதி எடுக்கவில்லை என்று பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். நாடே பட்டினி என்று சர்வதேசத்திடம் கையேந்திய மாதத்தில் நடந்தது இது. போஞ்சிக் கொடியைப் பிடுங்கியவர்களில் என் அம்மாவும் ஒருவர். கம்புகளை மட்டும் அடுப்புக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த இடத்தில்தான் மூன்று காலமும் எனக்கு ஒன்றாகத் தெரிகிறது. விலை விழுவதும் ஏறுவதும் உலகத்தில் நடந்துகொண்டேதான் இருக்கும். கிராமத்தில் இருக்கிறவரும் அதில் அடிபடுவார். ஆனால் அடிபட்டு விழுகிறபோது அவருக்குக் கீழே கொஞ்சம் மண் இருக்கிறது. எங்களுக்குச் செக்ரோலுக்குக் கீழே எதுவும் இல்லை. 2015-க்குப் பிறகு வந்த வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி (ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ்) என்று முடிவானது. அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன். அந்த வீடு கிடைத்தவர்களின் முற்றத்தில் இன்று வாழையும் மிளகாய்க் கன்றும் நிற்பதை என் கண்ணால் பார்க்கிறேன். 7 பேர்ச்சஸில் இவ்வளவு முடியுமென்றால் 20 பேர்ச்சஸில் என்ன முடியாது! ஆனால் அதுவும் கிடைக்காமல், வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் இன்னும் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன.

நெருக்கடி முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பணவீக்கம் இறங்கியது உண்மை. அதன் அர்த்தம் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்பதுதான், ஏறிய விலை இறங்கவில்லை. 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2022-இல் அடகு வைத்த தோட்டை மீட்க வட்டியோடு கணக்குப் பார்த்தவர்கள், மீட்காமலே திரும்பி வந்ததைப் பார்க்கிறேன். புறக்கோட்டைக்குப் போன பையன் திரும்பிப் படிக்க வரவில்லை. குழந்தை பார்க்கப் போன பிள்ளை வந்துவிட்டாள். இரண்டு வருடம் பிந்திச் சாதாரண தரம் எழுதினாள், கணிதம் தவிர எல்லாம் சித்தி. கணிதத்தை மறுபடி எழுத வைக்க வேண்டும் என்று பின்னேரங்களில் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

1974-இல் எங்கள் லயத்தில் என்ன வெந்தது, யார் போனார்கள், யார் கப்பலேறினார்கள் என்பதற்கு அம்மாயியின் வாய்ச்சொல்லைத் தவிர எனக்கு வேறு சான்று இல்லை. அவரும் இப்போது இல்லை. 2022-க்கு அப்படி ஆகவிடக் கூடாது. அதனால் கடைக் கொப்பிகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். அடகுச் சீட்டு, சம்பளத் துண்டு, பிடுங்கச் சொல்லிக் கொடுத்த கடிதம், எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் 2021, 2022 கொப்பி கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அம்மாவோ அப்பத்தாவோ பக்கத்தில் இருந்தால், எந்த மாதம் முழுப் பேர் விழுந்தது, எந்த மாதம் அரைப் பேர் என்று கேட்டு அதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.